திணை வழு: ஜேன் குடாலை நினைப்பது பற்றிச் சில குறிப்புகள்

ஜேன் குடால் 2025 அக்டோபர் 1ஆம் தேதி கலிபோர்னியாவில், ஒரு சொற்பொழிவுப் பயணத்தின் நடுவில் இறந்தார். வயது 91. அதற்குப் பிறகு வந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான். டார்ஸானும் டாக்டர் டூலிட்டிலும் படித்து ஆப்பிரிக்கா போகக் கனவு கண்ட இங்கிலாந்துச் சிறுமி. பட்டப்படிப்பு இல்லாத காரியதரிசி. 26 வயதில் காட்டுக்குள் தனியாகப் போனாள். சிம்பன்சிகள் அவளை ஏற்றுக்கொண்டன. மனிதன் என்பதன் வரையறையே மாறிப்போயிற்று. கூடவே ஒரே படம்: ஒரு குட்டிச் சிம்பன்சி கையை நீட்ட, மஞ்சள் முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிய இளம்பெண் குனிந்து தன் கையை நீட்டுகிறாள்.

இந்தக் கதையில் பெரிய பொய் என்று எதுவும் இல்லை, 'தனியாக' என்ற ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தால் மொத்தக் கதையாடலும் கையோடு வந்துவிடுகிறது. 1960 ஜூலை 14 அன்று டாங்கனிக்கா ஏரிக்கரையில், கோம்பேயில், அவர் வந்து இறங்கியபோது கூடவே தாயார் இருந்தார். இளம்பெண்ணைத் தனியாக விட மாட்டோம் என்று காலனிய நிர்வாகம் பிடிவாதமாக இருந்தது. சமையல்காரர் இருந்தார், சரணாலயக் காவலர்கள் இருந்தார்கள், கரையில் மீன் காயப்போடும் மீனவர்கள் இருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூன் 30 அன்று, ஏரிக்கு அக்கரையில் காங்கோ விடுதலை பெற்றிருந்தது. தப்பி வந்த பெல்ஜியர்கள் கிகோமா ஊரெல்லாம் நிரம்பிக் கிடந்தார்கள். குடாலும் தாயாரும் அங்கே முதலில் செய்த வேலை சிம்பன்சியைத் தேடுவதல்ல, அந்த அகதிகளுக்கு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே டின் இறைச்சி வைத்துக் கொடுப்பது. வரலாறு இல்லாத காட்டுக்குள் போன பெண் என்ற பிம்பம் வரலாற்றுக்கு நட்டநடுவில் வந்து இறங்கிய ஒருத்தியின் மேல் கட்டப்பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கோம்பே 1943இல் சரணாலயமாக்கப்பட்ட இடம். ஒருநாள் அந்த நிலம் தங்களிடம் திரும்பி வரும் என்று சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்கு பார்ப்பதற்காக ஒருத்தி இங்கிலாந்திலிருந்து வருவாளா, இவள் அரசாங்கத்தின் ஒற்றராகத்தான் இருக்க வேண்டும், ஒன்றைப் பார்த்துவிட்டுப் பத்து என்று எழுதிவிடுவாள் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதனால் அவர் கூடவே ஊர் சார்பில் ஒரு ஆள் போக வேண்டும் என்று ஏற்பாடு. இதை குடாலே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் சிரிப்போடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணிக்கை என்பது நிலத்தின் மீதான உரிமை என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. விலங்குகளின் கணக்கு மனிதர்களை வெளியேற்றும் கணக்காக மாறும் என்பதை அறிவியல் வரலாறு படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இந்தப் பிம்பத்தைக் கட்டவிழ்த்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் டோன்னா ஹாராவே. 1989இல் வந்த அவருடைய 'பிரைமேட் விஷன்ஸ்' நூலில், கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் 1984ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஒரு சிம்பன்சியின் கையும் ஒரு வெள்ளைப் பெண்ணின் கையும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் படம். நேஷனல் ஜியாக்ரஃபிக் தொலைக்காட்சிப் படங்களுக்குப் பணம் கொடுத்த பெருமையைச் சொல்லும் விளம்பரம் அது. ஹாராவே கேட்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: 1960 என்ற ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெறுகின்றன; அதே தருணத்தில் மேற்கத்தியக் கேமரா ஆப்பிரிக்காவை ஆளில்லாத காடாக்கி, அதற்குள் ஒரு வெள்ளைப் பெண்ணையும் ஒரு வாலில்லாக் குரங்கையும் மட்டும் நிறுத்திக் கைகுலுக்க வைக்கிறதே, எதற்கு? ஆப்பிரிக்க மனிதனோடு பேச வேண்டிய கட்டாயத்தை ஆப்பிரிக்க விலங்கோடு பேசித் தீர்த்துக்கொள்கிற வேலை அது. எண்ணெய்க் கம்பெனியின் கை அந்தப் படத்தில் தெரிவதில்லை.

ஹாராவேயின் இந்த வாசிப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போகிற நம்முடைய பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டோம், அதற்குப் பின்னால் காலனியம் இருக்கிறது, ஆண்மையம் இருக்கிறது, மூலதனம் இருக்கிறது. சரி. படத்திலிருந்த சிம்பன்சி என்ன ஆயிற்று? எல்லாமே குறி, எல்லாமே பிரதி என்று சொல்லிக்கொண்டே போகும்போது அந்தச் சிம்பன்சி இன்னொரு முறை 'அது' ஆகிவிடுகிறது. முன்பு அறிவியலுக்கு மூலப்பொருள், இப்போது கோட்பாட்டுக்கு.

இந்த 'அது'தான் விஷயம். 1960களின் தொடக்கத்தில் குடால் தன் ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்றை ஒரு அறிவியல் இதழுக்கு அனுப்புகிறார். அதில் சிம்பன்சிகளை அவன், அவள் என்று எழுதியிருந்தார். திருத்தப்பட்டு வந்த படியில் அத்தனையும் அடித்து 'அது' என்று மாற்றப்பட்டிருந்தது; ஆளைக் குறிக்கும் 'யார்' பொருளைக் குறிக்கும் 'எது' ஆகியிருந்தது. அவர் திருத்தத்தை அடித்துவிட்டு மறுபடி பழையபடியே எழுதி அனுப்பினார். கட்டுரை அப்படியே அச்சானது. கேம்பிரிட்ஜிலும் இதே கதை. பெயர் வைத்திருக்கக் கூடாது, எண் கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். 1965இல் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். டேவிட் கிரேபியர்டும் ஃப்ளோவும் ஃபிஃபியும் எண்களாகவில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை வேடிக்கையாகப் படலாம். நமக்குத் திணை என்பது ஏதோ ஒரு இதழாசிரியரின் விருப்பமல்ல, மொழியின் அஸ்திவாரம். மக்களைச் சுட்டுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று சொல்லிவிட்டுத்தான் தொல்காப்பியரின் சொல்லதிகாரமே தொடங்குகிறது. மரபியலில் ஆறறிவு மக்களுக்கு உரியது என்று சொன்ன பிறகு, விலங்கில் ஒருசாருக்கும் அது உண்டு என்று ஒரு விலக்கு வருகிறது. உரையில் அதற்கு எடுத்துக்காட்டாகக் குரங்கு வந்து நிற்கிறது. என்னமோ ஒரு சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. ஆனால் சந்தேகம் வினைமுற்று வரைக்கும் வரவில்லை. குரங்கு வந்தது, குரங்கு போனது, அவ்வளவுதான்.

நன்னூலில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணை மாறினாலும் குற்றமில்லை என்கிறார் பவணந்தி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்புக்கு எல்லா வாத்தியார்களும் சொல்லும் உதாரணம். இதற்குப் பெயர் வழுவமைதி. அதாவது தவறுதான், ஆனால் பிரியத்தில் சொன்னதால் மன்னித்துவிடுகிறோம். குடாலை அந்த இதழாசிரியரும் கேம்பிரிட்ஜ்காரர்களும் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பெண், அதிலும் படிக்காதவள், குரங்குகள் மேல் பிரியம், அதனால் அவன் அவள் என்கிறாள். இன்றைய அஞ்சலிகளும் இதையேதான் பாராட்டாகச் சொல்கின்றன: அவருடைய அன்பு, அவருடைய தாய்மை. இரண்டு தரப்பும் வழுவமைதி என்ற ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

குடால் கேட்டது வழுவமைதி அல்ல. ஃப்ளோவை அவள் என்று சொல்வது பிரியத்தால் அல்ல, அது சரியான விவரணை என்பதால். டேவிட் கிரேபியர்ட் புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டு இழுத்துக் கரையான் தின்பதையும், இலைகளை உருவிய குச்சியைக் கருவியாக்குவதையும் 1960ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பார்த்தபோது, கருவி செய்யும் விலங்கு மனிதன் என்ற வரையறை உடைந்தது என்பார்கள். அந்தக் கண்டுபிடிப்பு பெரிதுதான். ஆனால் அதைப் பார்க்க முடிந்ததே, இது டேவிட், அது வேறொருவன் என்று தனித்தனியாகப் பிரித்தறிந்ததால்தான். பெயர் என்பது அங்கே கொஞ்சல் அல்ல, முறையியல். (இதில் குடால் முதல் ஆளும் அல்ல. ஜப்பானில் இமானிஷியின் குழுவினர் 1940களின் இறுதியிலிருந்தே கோஷிமா தீவுக் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பெயரிட்டுப் பின்தொடர்ந்தார்கள். 1953இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்ற இளம் பெண் குரங்குக்கு இமோ என்று பெயர். மேற்கில் அப்போது அதையும் உணர்ச்சிவசப்பட்ட அறிவியல் என்றுதான் ஒதுக்கினார்கள்.)

எண்ணின் அரசியலைப் பார்க்க வேண்டுமானால் ஹாராவே சொல்லும் இன்னொரு சிம்பன்சியிடம் போக வேண்டும். கேமரூனில் பிடிக்கப்பட்டு அமெரிக்க விமானப்படைக்கு விற்கப்பட்டவன். 1961 ஜனவரி 31 அன்று, குடால் கோம்பேயில் இருந்த அதே காலத்தில், விண்கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்டான். விசையைத் தப்பாக அழுத்தினால் பாதத்தில் மின் அதிர்ச்சி. புறப்படும்போது அவன் பெயர் 65. உயிரோடு திரும்பி வந்த பிறகுதான் 'ஹாம்' என்று பெயர் வைத்தார்கள். அதுவும் அவனைப் பயிற்றுவித்த ஆய்வு நிலையத்துப் பெயரின் முதலெழுத்துகள். பெயருள்ள ஒருவன் செத்துப்போனால் பத்திரிகையில் கெட்ட பெயர் வரும், எண் செத்தால் வராது. திரும்பி வந்த ஹாம் பல் தெரியச் சிரிப்பதாக உலகம் அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தது. அது சிரிப்பல்ல, கடைசி எல்லைக்குப் போன பயம் என்று பிற்பாடு சொன்னவர் குடால். இந்த இடத்தில்தான் ஹாராவேயை விட்டு நான் விலகுகிறேன். விளம்பரத்தை வாசிக்க அவருடைய கோட்பாடு போதும். அந்த முகத்தை வாசிக்க கோம்பேயில் பல வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

1972இல் ஃப்ளோ இறந்தாள். லண்டன் சண்டே டைம்ஸ் அவளுக்கு இரங்கல் குறிப்பு வெளியிட்டது. எட்டரை வயது மகன் ஃப்ளிண்ட் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டு, ஒதுங்கி, நோயில் விழுந்து, ஒரு மாதத்துக்குள் செத்துப்போனான். அந்தப் புகழ்பெற்ற படத்தில் கை நீட்டிய குட்டி அவன்தான். இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்குக் குறுந்தொகை 69ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது: ஆண் குரங்கு செத்ததும் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடும் மந்தி. 'பார், நம்ம ஆட்கள் அப்பவே சொல்லிட்டாங்க' என்று கிளம்புகிறவர்களும் இருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த மந்தி கைம்மை என்ற மனித ஏற்பாட்டைச் சுமக்க வைக்கப்பட்டவள். தோழி தலைவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காக அவள் சாகிறாள். ஃப்ளிண்ட் எதையும் உணர்த்துவதற்காகச் சாகவில்லை. கிழத்தாயான ஃப்ளோவுக்கு அவனைப் பால் மறக்கடிக்கும் தெம்பு இல்லை, அதனால் வயதுக்கு மீறி அவளையே ஒட்டிக்கொண்டிருந்தான் என்றுதான் குடாலின் குறிப்புகள் போகின்றன. உள்ளுறைக்கும் ஒருவனுடைய வாழ்க்கை வரலாற்றுக்கும் இருக்கிற தூரம் அது.

பெயர் வைத்தால் கொலைக்கும் பெயர் வைக்க வேண்டும். பேஷன் என்ற தாயும் பாம் என்ற மகளும் 1970களின் நடுவில் மற்றத் தாய்களின் குட்டிகளைப் பிடுங்கித் தின்றார்கள். 1974 முதல் 1978 வரை கசகேலா கூட்டத்து ஆண்கள் பிரிந்துபோன கஹாமா கூட்டத்து ஆண்களை ஒவ்வொருவராகக் கொன்று அந்தக் கூட்டத்தையே இல்லாமல் செய்தார்கள். போர் மனித இயல்பில் இருக்கிறது என்று வாதிடுகிறவர்களுக்கு இது தீனியாகும் என்ற அச்சம் அன்று பலருக்கு இருந்தது. குடால் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய வாழைப்பழங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். முகாமுக்கு அருகே வரவைப்பதற்காக 1960களில் பழம் போட்டார். கூட்டம் கூடியது, சண்டை பெருகியது, பிறகு குறைத்தார். கோம்பேயின் வன்முறையில் பாதி அந்தப் பழத்தின் விளைவு என்று மார்கரெட் பவர் 1991இல் ஒரு நூலே எழுதினார். பழம் போடாத இடங்களிலும் கொலைகள் பார்க்கப்பட்டதால் அந்த வாதம் முழுதாக நிற்கவில்லை. இருந்தாலும் பார்க்கிறவர் பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்தப் போரின் முதல் தாக்குதலைப் பார்த்தது யார்? 1974 ஜனவரியில் கோடி என்ற கஹாமா ஆணைக் கசகேலாக்காரர்கள் பிடித்து அடித்ததை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர் ஹிலாலி மடாமா என்ற தான்சானியக் களப்பணியாளர். அடிபட்ட கோடியின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. பார்த்தவரின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு, 1975 மே 19 இரவில், ஏரி மறுபடியும் வரலாற்றைக் கொண்டுவந்து கரையில் தள்ளியது. ஜயரிலிருந்து படகில் வந்த, லோரான் கபிலாவின் கட்சியைச் சேர்ந்த கிளர்ச்சியாளர்கள் கோம்பேயிலிருந்து நான்கு மாணவர்களைக் கடத்திப் போனார்கள். மூவர் அமெரிக்கர், ஒருவர் டச்சு நாட்டவர். எல்லோரும் பின்னால் விடுவிக்கப்பட்டார்கள். (அந்தக் கபிலாதான் 1997இல் காங்கோவின் அதிபரானார்.) அதோடு வெளிநாட்டு மாணவர்களின் காலம் முடிந்தது. ஆய்வு நின்றுபோகவில்லை. ஹிலாலியும் மற்ற தான்சானியப் பணியாளர்களும் காலையில் கூட்டிலிருந்து இறங்கும் சிம்பன்சியின் பின்னால் போய், மாலையில் மறுபடி கூடு கட்டும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1986இல் வந்த குடாலின் பெரிய நூலில் பிற்பகுதி ஆண்டுகள் பெருமளவு அவர்கள் எழுதியவை. குடால் அவர்களுக்கு நன்றி சொல்கிறார், பெயர் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'தனியாகப் போன பெண்' என்ற கதையாடலுக்குள் அந்தப் பெயர்களை வைக்கத்தான் இடமில்லை.

நன்னூல் சூத்திரத்தின் மறுமுனையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உவப்பால் விலங்கு மேலே ஏறும் அதே வாசலில் இழிப்பால் மனிதர் கீழே இறக்கப்படுகிறார்கள். சேரியிலிருந்து வந்தவரைப் பார்த்து 'அது வந்திருக்கு' என்று சொல்கிற வீடுகள் உள்ள ஊரில் திணையைப் பற்றி அப்பாவித்தனமாகப் பேச முடியாது. சிம்பன்சிக்கு அவள் என்று சொல்வதைக் கேட்டு, 'மனுசனுக்கே இங்க மரியாதை இல்ல, குரங்குக்கு என்ன' என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் உயர்திணை என்பது அளந்து கொடுக்கும் ரேஷன் அரிசியா, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைவதற்கு? இரண்டு மறுப்பும் ஒரே இலக்கணத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

1986 நவம்பரில் சிகாகோவில் நடந்த சிம்பன்சி ஆய்வு மாநாடு குடாலைக் களத்திலிருந்து மேடைக்கு மாற்றியது. காடு எல்லா இடத்திலும் அழிவதையும், ஆய்வுக்கூடங்களில் சிம்பன்சிகள் படும் பாட்டையும் அங்கேதான் மொத்தமாகக் கேட்டார். 1987இல் மேரிலாந்திலுள்ள ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கே நேரில் போய், பெட்டி மாதிரிக் கூண்டுகளில் தனித்தனியாக அடைக்கப்பட்டிருந்த குட்டிகளைப் பார்த்தார். ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசியதற்காக விலங்குரிமைக்காரர்களே அவரைத் திட்டினார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன்னிடமிருந்த சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றை ஆய்விலிருந்து விடுவிப்பதாக 2013இல் அறிவித்து, 2015இல் அந்த ஆய்வுகளையே முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒரு பிரதிப்பெயர் ஐம்பது வருஷத்தில் கூண்டுக் கதவு வரைக்கும் போயிருக்கிறது. அதற்கு வேறு பலரும் உழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மேடைக் குடாலைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகமில்லை. நம்பிக்கை, நம்பிக்கை என்று புத்தகங்கள். 2022இல் பார்பி பொம்மை. 2013இல் 'சீட்ஸ் ஆஃப் ஹோப்' நூலில் பிறர் எழுத்து அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது தெரியவந்து, திருத்தி வெளியிட வேண்டி வந்தது. போகட்டும். அந்தக் காலத்தில் செய்ததில் நான் மதிப்பது ஒன்றுதான், அஞ்சலிகளில் அது ஒரு வரியாகக் கடந்துபோகிறது. 1990களின் தொடக்கத்தில் சிறு விமானத்தில் கோம்பேக்கு மேல் பறந்தபோது, பூங்காவுக்கு வெளியே குன்றுகள் மொட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தார். 1994இல் 'டாகாரே' என்ற திட்டம் தொடங்கியது. தான்சானியர்களின் குழு ஒன்று முதலில் 12 கிராமங்களுக்குப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. காடு வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. விளைச்சல், வைத்தியம், பள்ளிக்கூடம் என்றார்கள். அங்கிருந்துதான் நாற்றங்கால்கள், பெண்களுக்குச் சிறுகடன், கிராமமே தன் நிலத்துக்குப் போட்டுக்கொள்ளும் வரைபடம், கிராமத்தின் பெயரிலேயே காடு எல்லாம் வந்தது. 1960இல் 'இவள் ஒன்றைப் பார்த்துப் பத்து என்று எழுதுவாள்' என்று சந்தேகப்பட்ட ஊர்களுக்கு முப்பத்து நாலு வருஷம் கழித்துப் போன பதில் அது. தாமதமான பதில், ஆனாலும் பதில்.

இந்தக் கட்டுரையில் சிம்பன்சிகளைத் தனித்தனியாகச் சொல்லும்போதெல்லாம் அவன், அவள் என்று எழுதியிருக்கிறேன். பொதுவாகக் கூட்டமாகச் சொல்லும்போது 'சிம்பன்சிகள் வந்தார்கள்' என்று எழுத வருவதில்லை. அம்புலிமாமா கதை மாதிரி ஆகிவிடுகிறது. தமிழ் இதை எப்படித் தீர்க்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கோம்பே களக்குறிப்புகள் எந்த மொழியில் எழுதப்பட்டன என்பது கவனத்துக்கு வந்தது. தான்சானியப் பணியாளர்கள் எழுதியது சுவாஹிலியில். அந்த மொழியில் ஆண்பால், பெண்பால் பிரிவில்லை. மனிதர் சாப்பிட்டாலும் சோக்வே, அதாவது சிம்பன்சி, சாப்பிட்டாலும் வினையின் முன்னொட்டு ஒன்றேதான். மரம் விழுந்தால்தான் முன்னொட்டு மாறும். மனிதரும் விலங்கும் கோட்டுக்கு ஒரே பக்கம். கேம்பிரிட்ஜிலும் இதழ் அலுவலகத்திலும் குடால் போராடி வாங்கிய அந்த இலக்கணம், அவர் கூட நடந்த ரஷீதி கிக்வாலேயின் வாயிலும் ஹிலாலியின் நோட்டிலும் சண்டையே இல்லாமல் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மொழியின் இலக்கணத்தை வைத்து மக்களின் மனத்தைப் படித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழை வைத்து அப்படிப் படித்தால் நாமே தாங்க மாட்டோம். ஆனால் அந்தத் தாள்கள் இன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுவாஹிலியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது, அந்த ஒற்றை முன்னொட்டுக்கு எதிரே அவனா, அவளா, அதுவா என்று ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.